இளங்கலை படிக்கும்போதே சமூக நீதி சார்ந்த ஆய்வில் சேர முடியுமா?

வரலாறும் இலக்கியமும் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்குச் சமூக நீதி சார்ந்த ஆய்வில் இடம் உண்டா, முனைவர் பட்டம் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். வாய்மொழி வரலாற்று வேலையில், அதாவது மக்களைப் பேட்டி கண்டு அவர்கள் நினைவுகளைப் பதிவுசெய்யும் வேலையில், மாணவர்களோடு இருப்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாட்டில் குடிமை உரிமைகள், தொழிலாளர் வரலாற்றுத் திட்டத்தைப் பாருங்கள். அங்கே இளங்கலை மாணவர்கள் பழைய வீட்டுப் பத்திரங்களைத் தோண்டினார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்ற நிபந்தனைகள் பல பகுதிகளில் கிடைத்தன. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் 1968இல் வந்தது. ஆனாலும் எழுத்து பத்திரத்திலேயே கிடந்தது. மாணவர்கள் திரட்டியதை இணையத்தில் வைத்ததால், குடியிருப்பவர்களே தங்கள் தெருவைத் தேடிப் பார்க்க முடிந்தது. 2021இல் வாஷிங்டன் மாநிலம் முழுவதும் இப்படித் தேடும் பொறுப்பை ஒரு சட்டமே இரண்டு பல்கலைக்கழகங்களிடம் கொடுத்தது. அவற்றில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஒன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் அடிமைமுறைக்கும் இருந்த தொடர்பைத் தேடும் வேலையும் 2013இல் ஓர் இளங்கலை வகுப்பில்தான் தொடங்கியது.

இந்த வேலைக்குப் பெரிய கோட்பாட்டு அறிவைவிடப் பொறுமையும் நிறையக் கண்களும்தான் தேவை. அதனால்தான் இங்கே மாணவர் செய்வது எடுபிடி வேலையாக நின்றுவிடுவதில்லை.

தேடும்போது ‘சமூக நீதி’ என்ற பெயருக்காகக் காத்திருக்காதீர்கள். வாய்மொழி வரலாறு, சமூக ஆவணக் காப்பகம், தொழிலாளர் வரலாறு என்ற பெயர்களில்தான் பெரும்பாலும் இருக்கும். பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, உங்களால் என்ன செய்ய முடியும் என்று நேராக எழுதுங்கள்: பழைய கையெழுத்தைப் படிப்பேன், இன்னொரு மொழி தெரியும், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருவேன். உதவித்தொகை உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சம்பளமில்லாத ஆய்வில் வசதி உள்ளவர்கள் மட்டுமே நிற்க முடியும். நீதியைப் பற்றிய வேலையில் அது இன்னும் பெரிய தவறு. 1988 முதல் நடக்கும் மெலன் மேய்ஸ் இளங்கலை நல்கை வழிகாட்டியையும் தருகிறது, பணமும் தருகிறது; ஆனால் அதில் சேர்ந்துள்ள கல்லூரிகளுக்கு மட்டும்.

அப்புறம், சேரும் முன் ஒன்று கேளுங்கள். பேட்டி கொடுத்தவருக்குப் பதிவின் நகல் போகுமா, பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்களா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத திட்டத்தில் என் மாணவர்களைச் சேர விடமாட்டேன்.