போன் போட்டுத்தான் பூசை நேரம் கேட்கிறார்கள்!

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கு (ஆலயச் சமூகத்துக்கு) இணையதளம் இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் அலுவலகத்துக்குப் போன் செய்துதான் திருப்பலி நேரம் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் தளத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். திருப்பலி நேரம் விரலால் தள்ளாமலே தெரிகிறதா? நான் எங்கள் பங்கின் தளத்தைப் பார்த்தபோது முகப்பில் ஆலய வரலாறும் பெரிய படமும்தான் இருந்தன. நேரம் மூன்றாவது பக்கத்தில். அதுவும் முந்தைய வருடத்துப் புனித வார அட்டவணை! அதை நம்பி வந்த ஒரு பாட்டி பூட்டிய கதவின் முன் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. பழைய தகவல் இருப்பதைவிட ஒன்றுமே இல்லாதது நல்லது.

அப்புறம், அறிவிப்பைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் செயலியான திரைவாசிப்பான் பெரும்பாலும் படிக்காது. எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் என்னென்ன சான்றிதழ் வேண்டும், யாரை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் எண்ணைச் சேமிக்கச் சொல்லிப் பூசை முடிவில் அறிவியுங்கள்.

வத்திக்கானே 1995 கிறிஸ்துமஸ் அன்று இணையதளம் தொடங்கிவிட்டது. உங்கள் பங்கில் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை, தளத்தைச் சரிபார்க்க ஓர் இளைஞரைப் பெயர் சொல்லி நியமிக்கும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.