எஞ்சினை மறுபடி இறக்கச் சொல்கிறார்கள்: கொடுப்பதா, வழக்குப் போடுவதா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1972 அம்பாசிடர், மார்க் 2. சென்ற ஆண்டு எஞ்சினை முழுவதும் பிரித்து போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பிஸ்டன், புது பேரிங் என்று 85,000 ரூபாய் செலவானது. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது. தரை கறையாகிவிட்டது என்று குடியிருப்போர் சங்கம் கடிதமே கொடுத்துவிட்டது. வேலை செய்த மெக்கானிக் ஷெட்டில் முதலில், “பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்” என்றார்கள். வற்புறுத்திய பிறகு, “பின் சீல் போயிருக்கும், எஞ்சினை இறக்க வேண்டும், 18,000 ஆகும்” என்கிறார்கள். கொடுப்பதா, வழக்குப் போடுவதா? — நங்கநல்லூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள்.

“பின் சீல்” என்றவரிடம் எந்தப் பின் சீல் என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வகை, 1489 சிசி எஞ்சின். அதில் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேல் மரை போன்ற சுருள் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்பக்கம் தள்ளிவிடும். எஞ்சின் நின்றதும் தள்ளுவதும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் எண்ணெய் சில சொட்டுகள் வெளியே வரலாம். சரிவான இடத்தில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் வரும். அந்த அளவுக்கு ஷெட்காரர் சொல்வது நியாயமே. காலையில் ஒன்றிரண்டு நாணய அளவு கறை என்றால் அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆயில் ஸ்டிக்கில் அளவு வாராவாரம் இறங்கினாலோ, கிளட்ச் வழுக்கினாலோ, சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்தாலோ அது வேறு கதை.

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே கசிவது பிளாக்கின் ஓரமாக வழிந்து, ஓடும்போது காற்று பின்னால் தள்ள, கடைசியில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் வந்து சேரும். பின்முனை பழியை ஏற்கும். ஆகவே மேலிருந்து கீழே தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு வெளிப்புறம் முழுவதையும் கழுவிக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையின் மேல் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். அடியில் போய்ப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை நீட்டுங்கள். பவுடருக்குப் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, எண்ணெயில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் சாயம் இருக்கிறது.

முதலில் எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பின்மூலை. அடுத்தது, புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு டேப்பட் பக்க மூடிகள். என் பந்தயம் இவற்றின் மேல்தான். அவை மெல்லிய தகடு; நடுவில் ஒரே போல்ட், உள்ளே கார்க் பேக்கிங். கசிகிறதே என்று முறுக்க முறுக்கத் தகடு வளைந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். வளைந்த மூடியைச் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்கி, புது பேக்கிங் போட்டு, அளவோடு முறுக்கினால் போதும். அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்களுக்கே ஒரு கிலோகிராம்-மீட்டருக்கும் குறைவான விசைதான் சொல்லப்பட்டிருக்கிறது. கடை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து சுருங்கிய கார்க் பேக்கிங்கை மலிவு என்று வாங்கிப் போட்டிருந்தாலும் இதே கதிதான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ வாங்கும்போது மடக்கிப் பாருங்கள். விரிசல் விட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு ஆயில் ஃபில்டர். கிண்ணத்துக்குள் எலிமென்ட் வைக்கும் பழைய வகையில், மேல் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து மூடிவிடுவது நம் ஷெட்களில் தினமும் நடக்கிறது. முன்பக்கம் ஈரமாக இருந்தால் டைமிங் கவர் சீலைப் பாருங்கள்: புல்லியை உள்ளே நுழைத்து, கவரை நடுவே நிறுத்திய பின்பே போல்ட்களை முறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் புது சீலும் ஒரு பக்கம் தேய்ந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயையும் பாருங்கள். ஓவர்ஹால் ஆன எஞ்சினில் ரிங்குகள் படியும்வரை கிராங்க் அறைக்குள் வாயு சற்று அதிகமாகவே இறங்கும். அது வெளியேறும் வழி அடைபட்டிருந்தால், அழுத்தம் எல்லா இடுக்குகளிலும் எண்ணெயைத் தள்ளும்; ரப்பரே இல்லாத அந்தப் பின்முனை முதலில் தோற்கும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று புகை தள்ளுகிறதா? பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், செலவு பூஜ்யம். சுத்தம் செய்தும் தள்ளினால் போரிங், ரிங் வேலையின் மேல்தான் சந்தேகம். ஆயில் ஸ்டிக் உங்கள் எஞ்சினுடையதுதானா என்றும் பார்த்துவிடுங்கள்; வேறு வண்டியின் ஸ்டிக்கை வைத்து ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவும் உலர்ந்திருந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து மட்டுமே சொட்டினால்தான் பின்முனைக் குற்றம். அப்போதும் அது என்ன எண்ணெய் என்று முகர்ந்து பாருங்கள். கியர்பாக்ஸில் 90 நம்பர் எண்ணெய் ஊற்றியிருந்தால் அதன் கந்தக வாடை காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் எண்ணெய்தான் என்றால், பின் மெயின் பேரிங் கேப்பின் ஓரங்களில் கார்க் துண்டுகளை வைத்து அடைக்காமல் விட்டிருக்கலாம், அல்லது மரைக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கலாம். எஞ்சினைப் பூட்டும்போதே அளந்து பார்த்திருக்க வேண்டிய சங்கதிகள் இவை. ஆகவே அந்த 18,000 உங்கள் தலையில் விழக் கூடாது.

இனி சட்டம். காசு வாங்கிச் செய்த வேலையின் தரக்குறைவு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. ரசீதின் அடியில் “பழைய வண்டிகளுக்கு உத்தரவாதம் இல்லை” என்று அச்சடித்துவிடுவதால் மட்டும் கைகழுவிவிட முடியாது. ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்கு உங்கள் மனக்குறை போதாது, சான்று வேண்டும். பவுடர் சோதனையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். ஓவர்ஹால் ரசீதையும் லேத் பட்டறை ரசீதையும் தேடி எடுங்கள். வேறொரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம், பிரிக்கச் சொல்லக் கூடாது. ஒரு நட்டைத் தொட்டாலும், “எங்கள் வேலையைக் கெடுத்தது அவர்தான்” என்று முதல் ஷெட் தப்பித்துக்கொள்ளும். என்ன கண்டார் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள்.

பிறகு, இன்ன இடத்தில் கசிகிறது, 15 நாளில் கூலியில்லாமல் சரிசெய்து தரவும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் பாதிக் கசிவுகள் அரைநாள் வேலை. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. குறைபாடு எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக் கெடு. சென்ற ஆண்டு வேலை என்கிறீர்கள், ஆறப் போடாதீர்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி ஒன்று விலைக்கு வருகிறது. “எஞ்சின் இப்போதுதான் ஓவர்ஹால்” என்கிறார் விற்பவர். திறந்தால் பளபளவென்று இருக்கிறது. நம்பலாமா? — பெரம்பூர் வாசகர்

பதில்: பளபளப்பைக் கண்டு பயப்படுங்கள். நேற்று கழுவிய எஞ்சின் எதையும் சொல்லாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அடியில் ஒரு அட்டையை விரித்து, டீ குடித்து வாருங்கள். மூடி ஓரங்களில் சிலிக்கான் பசை பிதுங்கியிருந்தால் உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும். லேத் பட்டறை ரசீது இல்லாத “ஓவர்ஹால்” பெரும்பாலும் ரிங் மாற்றிப் பெயின்ட் அடித்ததுதான். பிளாக்கில் உள்ள எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

கேள்வி: எண்ணெயோடு ஊற்றினால் கசிவு நிற்கும் என்று ஒரு திரவம் விற்கிறார்களே, பயன் உண்டா? — திருவான்மியூர் வாசகர்

பதில்: இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்பச் செய்யும், சில மாதம் தாக்குப்பிடிக்கும். கார்க், காகிதப் பேக்கிங், வளைந்த தகடு இவற்றிடம் அதன் வித்தை பலிக்காது. மேலே சொன்ன அம்பாசிடரின் பின்முனையில் உப்புவதற்கு ரப்பரே இல்லை.