10 லட்சம் ரூபாயில் ஏழைக் குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கலாமா, அங்கன்வாடிக்குக் கொடுக்கலாமா?

அப்பாவின் நினைவாக 10 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருப்பதாகவும், சொந்த ஊரில் இலவச மழலையர் பள்ளி தொடங்க ஆசை என்றும், அது முடியாவிட்டால் ஊர் அங்கன்வாடிக்கு வண்ணம் அடித்து ஒரு டிவி வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளி வேண்டாம். வண்ணமும் டிவியும் வேண்டாம். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓர் ஆளைப் போடுங்கள்.

சிறிய அறக்கட்டளை ஒன்றின் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அதனால் முதலில் கணக்கையே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆசிரியைகள், ஒரு சமையல்காரர், வாடகை, சாப்பாடு, மின்கட்டணம் என்று எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும் மாதம் 45,000 ரூபாய்க்குக் குறையாது. உங்கள் பணம் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதற்குள் பக்கத்து அங்கன்வாடியில் வருகை குறைந்திருக்கும். முட்டை, சத்துமாவு, மாதாமாத எடைப் பதிவு எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன. உங்கள் பள்ளியை மூடும்போது திரும்பிப் போக வேண்டிய இடமும் அதுதான்.

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கிராமத்தில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு பெரிய வலைப்பின்னல் ஏற்கெனவே இருக்கும்போது தனியாக ஒன்றைத் தொடங்குவது வீண்.

உங்கள் ஊரின் ஏதாவது ஒரு குடியிருப்பில் மையமே இல்லையென்றால் கதை வேறு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. குழந்தைகளின் பெயர்ப் பட்டியலோடு மனு கொடுங்கள். இதற்கு உங்கள் 10 லட்சம் தேவையில்லை, விடாமல் அலையும் கால்கள் போதும்.

மையம் இருக்கிறதென்றால், அரசுப் பணம் எதற்கு வருகிறது, எதற்கு வருவதில்லை என்று பாருங்கள். கட்டடத்துக்கு வழி உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. நம் ஊர்களில் எத்தனை அங்கன்வாடிச் சுவர்களில் அவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கட்டடம்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால்கூட, நேராகக் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. மீதியை அரசு தரும். உணவுக்கும் ஒதுக்கீடு வந்துகொண்டிருக்கிறது. தொகை போதுமா என்பது தனி வழக்கு.

வராதது ஒன்றுதான்: டீச்சரின் நேரம். ஒரு மையத்துக்குப் பொதுவாக ஒரு பணியாளர் (டீச்சர் என்பது இவரைத்தான்), ஓர் உதவியாளர். உதவியாளர் சமைக்கிறார், கூட்டுகிறார், குழந்தைகளை அழைத்து வருகிறார். பணியாளர் எடை போட வேண்டும், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மார்களைத் திரட்ட வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், அதே விவரத்தைக் கைபேசிச் செயலியிலும் ஏற்ற வேண்டும். தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியலும் பலருடைய கையில் வந்து சேரும். இத்தனைக்கும் நடுவில்தான் மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை சொல்ல வேண்டும், வண்ணம் பிரித்துக் காட்ட வேண்டும். எந்த வேலை தள்ளிப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. மேலதிகாரி பதிவேட்டைக் கேட்பார். கதை சொன்னீர்களா என்று யார் கேட்கப்போகிறார்கள்? டிவி வைத்தால் அதைப் போட்டுவிட்டுப் பதிவேடு எழுதுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கூடுதலாக ஓர் ஆளைப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அரசின் ஒத்துழைப்போடு நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதி மையங்களில் மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரை அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பிறகு, மற்ற மையக் குழந்தைகளைவிட இங்கிருந்தவர்கள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னால் இருந்தார்கள். எனக்கு வியப்பளித்தது இன்னொன்று: கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தது. பழைய பணியாளருக்கு எடையையும் உணவையும் கவனிக்க நேரம் கிடைத்ததே காரணம். வண்ணச் சுவருக்கு இப்படியொரு சான்றை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

உங்கள் கணக்குக்கு வருவோம். உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு அரை நாள் வேலைக்கு மாதம் 8,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 96,000. 10 லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000 வரும். குறைகிற 26,000-ஐ அசலில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தை அவ்வப்போது உயர்த்தினாலும் பத்தாண்டுக்கு மேல் தாங்கும். தயவுசெய்து ‘சேவை மனப்பான்மை’ என்று சொல்லி 3,000 ரூபாய்க்கு ஆள் தேடாதீர்கள். பணிக்கொடை தங்களுக்கும் உண்டு என்பதற்கே அங்கன்வாடிப் பணியாளர்கள் 2022-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் இன்னொருவரைச் சேர்க்க வேண்டாம்.

பெரிய நிறுவனங்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று கேட்கலாம். லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தின் விதிகளில், ஒரு தொடர் திட்டம் என்பது தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. மாதச் சம்பளம் அந்தக் கட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஓவியம் அடங்கும், திறப்பு விழாவும் அடங்கும். எங்களிடமும் ஒரு நிறுவனம் வந்தது. பேச்சில் பாதி நேரம் பெயர்ப்பலகையின் அளவு பற்றித்தான் போயிற்று.

நீங்கள் கேட்டது கிராமம் பற்றி. நகரமாக இருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். அங்கே முதல் சிக்கல் இடம். அரசு தரும் வாடகைக்குக் குடிசைப் பகுதியை ஒட்டிக் காற்றோட்டமான அறை கிடைப்பது அரிது. ஒரே அறையில் அடுப்பும் அரிசி மூட்டையும் இருபது குழந்தைகளும் இருக்கும் இடத்தில் இன்னோர் ஆளை எங்கே நிறுத்துவது? அப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் வாடகையையோ கழிப்பறையையோ ஏற்றுக்கொள்வதுதான் சரி.

நடைமுறைக்கு: முதலில் மையத்தின் டீச்சரிடம் பேசுங்கள், அவருக்கு மேல் ஒரு மேஸ்திரியைக் கொண்டுவருகிறீர்கள் என்ற எண்ணம் வரக் கூடாது. பிறகு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பாருங்கள். அவர் மாவட்டத் திட்ட அலுவலருக்கு எழுதச் சொன்னால் எழுதுங்கள். கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: அமர்த்தப்படுபவர் கற்பித்தல் வேலை மட்டும் செய்வார், சம்பளம் உங்களிடமிருந்து அவருடைய வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும், இது அரசு வேலைக்கான உரிமை ஆகாது. மூன்றாவதை அந்தப் பெண்ணிடமும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எழுத்து மூலம் அனுமதி வரும்வரை யாரையும் மையத்துக்கு அனுப்ப வேண்டாம்.