வீட்டை விற்றுவிட்டு கென்யா போகலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொட்டுநீர்ப் பாசனக் கடை வைத்திருக்கிறார், மனைவி செவிலியர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பையன்கள். வீட்டை விற்றுவிட்டு மேற்கு கென்யாவின் புங்கோமாவுக்குக் குடிபோய், சிறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளைப் பாதிப் பேருக்கு இலவசமாகவும் மீதிப் பேருக்கு விலைக்கும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் வீட்டை இப்போது விற்க வேண்டாம், சொட்டுநீரையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

புங்கோமாவில் ஆண்டுக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு, மக்காச்சோளம் போடுகிறவருக்கு அங்கே தண்ணீர் முதல் கவலை இல்லை. மார்ச் வாக்கில் விதைத்து ஆகஸ்ட், செப்டம்பரில் அறுக்கிறார்கள், கடனை அடைக்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் கையோடு விற்றுவிடுகிறார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை விழுந்துவிடுகிறது. அப்புறம் மே, ஜூனில் வீட்டில் தானியம் தீர்ந்ததும் அதே மக்காச்சோளத்தைச் சந்தையில் கூடுதல் விலைக்குக் கோரோகோரோ கணக்கில் வாங்குகிறார்கள். கோரோகோரோ என்பது 2 கிலோ பிடிக்கிற தகர டப்பா, நம்ம ஊர்ப் படி மாதிரி. 90 கிலோ மூட்டையாக விற்றவரே டப்பா டப்பாவாக வாங்கிப் போவதைப் பார்த்தால் மனசு கேட்காது.

உங்கள் தொழில் இங்கேதான் இருக்கிறது: காற்றுப் புகாத சேமிப்புப் பைகள், சின்னக் கிடங்கு, அறுவடை நேரத்துக் கடன். அந்தச் சமயத்தில் சிறு கடன் கிடைத்தால் விவசாயிகள் தானியத்தைப் பிடித்து வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்று அந்த வட்டாரத்திலேயே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். சிறு விவசாயிகளுக்கு உதவும் ஒன் ஏக்கர் ஃபண்ட் என்ற தொண்டு நிறுவனம் 2006இல் புங்கோமாவில்தான் தொடங்கியது. விதையையும் உரத்தையும் கடனாகக் கொடுத்து, நடந்து போகும் தூரத்திலேயே இறக்கி, பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டவிடுகிறார்கள். அவர்களுடைய களப்பணியாளர்களோடு பேசாமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

ஒரே கருவியை ஒருவருக்குச் சும்மா கொடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றால் அவர் ஏன் வாங்குவார்? காத்திருப்பார். கொசுவலை மாதிரி உயிர் காக்கிற பொருள் என்றால் முழு இலவசம்தான் சரி. மேற்கு கென்யாவில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இலவச வலைக்கு வெறும் 60 அமெரிக்க சென்ட் விலை வைத்ததும் வாங்குவோர் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்துபோனார்கள். சும்மா வாங்கியவர்கள் வலையைக் கட்டாமல் போட்டுவிடவும் இல்லை. வருமானம் தருகிற பொருளை மட்டும் எல்லாருக்கும் ஒரே விலைக்கு விற்றுவிடுங்கள், எம்-பெசா என்கிற கைபேசிப் பணச் சேவையில் சிறுசிறு தவணையாகப் பணம் வரட்டும்.

அடுத்து, கென்யாவில் தங்கித் தொழில் செய்வதற்கான பெர்மிட் விஷயம். முதலீட்டாளருக்கான ஜி வகுப்புக்கு 1 லட்சம் அமெரிக்க டாலர் மூலதனம் காட்ட வேண்டும், தொண்டுப் பணிக்கு ஐ வகுப்பு. முதலில் எது என்று முடிவு செய்யுங்கள், இரண்டும் வேறு வேறு விண்ணப்பம். மனைவி உங்களைச் சார்ந்தவர் என்கிற டிபெண்டன்ட் பாஸில் வந்தால் வேலை பார்க்க முடியாது. செவிலியராக வேலை செய்யத் தனி பெர்மிட்டும் அங்குள்ள நர்சிங் கவுன்சில் பதிவும் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்கு 10 நாளாவது முன்பே போட்டுவிடுங்கள், செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அங்கே மலேரியா அதிகம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

முதலில் நீங்கள் மட்டும் ஆகஸ்ட்டில் போய் இரண்டு மூன்று மாதம் இருந்து, அறுவடையையும் விற்பனையையும் கண்ணால் பாருங்கள். பள்ளி ஆண்டு அங்கே ஜனவரியில் தொடங்குகிறது, குடும்பத்தை அப்போது அழைத்துப் போகலாம்.