நாலு வருசம் எட்டு மாசம், இப்ப வேலைய விடலாமா?

கேள்வி: ஹட்டன் டவுன்ல ஒரு கொம்பனில பில் போடுற வேலை செய்றேன். 25 பேர் இருக்கோம். புது மெனேஜர் வந்ததுல இருந்து எல்லார் முன்னாலயும் கத்துறாரு, ராத்திரி பத்து மணிக்கு வட்ஸ்அப் குரூப்ல பேர் சொல்லி வாய்ஸ் போட்டு ஏசுறாரு. மாசக் கடைசில ஏழரை வரைக்கும் நிக்கணும், ஓ.டி. கேட்டா நாம எல்லாம் ஒரே குடும்பம்தானேங்கிறாரு. சேர்ந்து நாலு வருசம் எட்டு மாசம். நாளைக்கே லெட்டர் குடுத்துடலாம்னு இருக்கேன், அம்மா வேணாங்கிறாங்க.
- வாசகி, நோர்வூட்

பதில்: தங்கச்சி, லெட்டர எழுதி பேக்குல வச்சுக்கோ, குடுக்காத. இன்னும் நாலு மாசம் பொறுத்துக்கோன்னு நான் சொல்றது அந்த மெனேஜருக்காக இல்ல, உன் காசுக்காக. நம்ம இலங்கைல 1983ல வந்த கிரெச்சுட்டி சட்டப்படி (வேலைய விடும்போது கொம்பனி குடுக்குற பணிக்கொடைதான் கிரெச்சுட்டி) 15 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற எடத்துல அஞ்சு வருசம் முடிச்சவங்களுக்கு, தானா விலகினாலும் சரி, ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாசச் சம்பளம் குடுத்தே ஆகணும். அடிப்படைச் சம்பளம் 40,000ன்னு வையேன், அஞ்சு வருசத்துக்கு ஒரு லட்சம். நாளைக்கே போனா அதுல ஒரு சதம் கூட கேக்க முடியாது, அந்தாளு கத்துனதுக்கு நீ ஏன் ஒரு லட்சம் நட்டப்படணும்?

அடுத்தது உன் சம்பளச் சீட்டு. ஈ.பி.எஃப்.னு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, 8% உன்கிட்ட வெட்டுவாங்க, கொம்பனி அதுக்கு மேல 12% போடணும், ஈ.டி.எஃப்.ங்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% தனியா, அது உன் சம்பளத்துல கை வைக்காம அவங்க பைல இருந்து. சீட்டுல வெட்டிட்டு கட்டாம இருக்குற எடங்களும் இருக்கு, அதனால ஐடென்டிட்டி கார்டையும் மெம்பர் நம்பரையும் எடுத்துக்கிட்டு ஒரு நாள் லீவு போட்டு லேபர் ஒபிஸுக்குப் போய் பணம் விழுந்திருக்கான்னு கேட்டுடு. இதெல்லாம் ராஜினாமா பண்ணின பொறகு தேடுனா அலைச்சல்தான்.

ஓ.டி. விசயம்... குடும்பம்னா மாசக் கடைசில உன்ன ஜீப்புல வீட்டுல கொண்டு விடுவாரா, நோர்வூட் பஸ்ஸுக்கு நீதான ரோட்டுல நிக்கிற! ஒபிஸ் வேலைன்னா ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதுக்கு மேல செஞ்சா ஒன்றரை மடங்கு சம்பளம், இதுதான் சட்டம். வந்த நேரம் போன நேரம் ஒரு கொப்பில தெனம் எழுது, கையெழுத்துப் போடுற புத்தகத்த முடிஞ்சா ஃபோன்ல ஒரு படம் எடு.

கத்துறதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல, உண்மையச் சொல்றேன். நம்ம ஆளுங்க தோட்டத்துத் தொரைமார் முன்னால கை கட்டி நின்னு பழகினதால, மேல உள்ளவன் ஏசுனா ஏதோ சம்பளத்தோட சேர்ந்து வர்றது மாதிரி நினைச்சுட்டோம், அந்த மெனேஜருக்கும் அது தெரியும். ராத்திரி வாய்ஸுக்கு ஒடனே பதில் போடாத. காலையில ஒபிஸ்ல உக்காந்து 'நேத்து சொன்ன பில் சரி பண்ணிட்டேன் சேர்'னு ஒரே வரி, அவ்வளவுதான். அந்த வாய்ஸ அழிச்சுடாத. கூட பில் போடுற பிள்ளைகளும் இதே மாதிரி செஞ்சா இன்னும் நல்லது, ஒருத்தி மட்டும் முறைச்சா குறி வைப்பாங்க.

அஞ்சு வருசம் முடிஞ்சதும் லெட்டர் குடு, காரணம்லாம் நீட்டி எழுத வேணாம், ரெண்டு கொப்பி எடுத்து ஒன்னுல ஒபிஸ் சீலோட திகதி போட்டு வாங்கிக்கோ. விலகினதுல இருந்து 30 நாளைக்குள்ள கிரெச்சுட்டி வரணும், வரலன்னா அந்தக் கொப்பியோட நேரா லேபர் ஒபிஸுக்குப் போ, அம்மாவையும் கூட்டிக்கிட்டே போ.