‘கடின உழைப்பாளி’ போதாது

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை ஏற்றுமதி வரை ஒருங்கிணைப்பவராக) இருக்கிறேன். நடுவில் குழந்தைக்காக ஒன்றரை ஆண்டு வேலைக்குப் போகவில்லை. பெரிய நிறுவனத்துக்கு மாற விரும்பி, வேலை தொடர்பான சமூக வலைதளமான லிங்க்டுஇன்னில் சேர்ந்தேன். ‘என்னைப் பற்றி’ பகுதியில் “கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவள், சவால்களை விரும்புபவள்” என்று எழுதியிருக்கிறேன். அழைப்பே வரவில்லை. எப்படி மாற்றுவது? இடைவெளியை மறைக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த மூன்றையும் அழித்துவிடுங்கள். நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட பக்கங்களை நாள் முழுக்கப் படிக்கிறேன். ‘கடின உழைப்பாளி’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கண் அங்கே நிற்பதே இல்லை. லேப் டிப் (சாயமிட்ட மாதிரித் துணி) ஒப்புதல், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி ஆடை), ஏ.க்யூ.எல். (தர அளவுகோல்) ஆய்வு என்று தொழிலின் பெயர்களைக் கண்டால்தான் நிற்கும். நாங்கள் தேடுவதும் அந்தச் சொற்களைத் தட்டித்தான். தினமும் இவற்றோடு மல்லுக்கட்டும் நீங்கள் ஒன்றைக்கூட எழுதவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடமுண்டு. ஆனால் பக்கத்தைத் திறந்ததும் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். ஆகவே கனமானதை மேலே வையுங்கள். உங்கள் வேலையை ஊகித்து எழுதிக் காட்டுகிறேன் (‘டெக் பேக்’ என்பது ஆடையின் வடிவமைப்பு, அளவு விவரங்கள் அடங்கிய ஆவணம்):

“ஐரோப்பியக் குழந்தைகள் ஆடை ஆர்டர்களை, டெக் பேக் கைக்கு வருவது முதல் தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பலேறுவது வரை நடத்துகிறேன். ஆர்கானிக் பருத்தியில் சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக் துணிகள் எனக்கு நன்கு பழக்கம்.”

இதற்குக் கீழே ஒரே ஒரு சம்பவம் போதும். சாய ஆலையிலிருந்து ஷேடு மாறி வந்த துணியை எப்படிக் கையாண்டீர்கள், பையரிடம் (ஆர்டர் தந்த நிறுவனத்திடம்) என்ன பேசினீர்கள், ஏற்றுமதித் தேதி காப்பாற்றப்பட்டதா? நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். பையரின் பெயர் வேண்டாம், நாடும் ஆடை வகையும் போதும். முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், சொல்ல வேண்டியது தெளிவாகும். பிறகு ஆங்கிலத்தில் ஏற்றுங்கள். வெளிநாட்டு பையிங் அலுவலகங்கள் படிப்பது அதைத்தான். ‘நான்’ என்றே எழுதுங்கள்.

இடைவெளியை மறைக்காதீர்கள். தேதிகளை இழுத்து ஒட்டினால் பி.எஃப். கணக்கைப் பார்க்கும்போது தெரிந்துவிடும், பிறகு எட்டு ஆண்டு அனுபவமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வேலை இடைவெளியைத் தனிப் பதிவாகவே காட்டும் வசதியை 2022இல் லிங்க்டுஇன் கொண்டுவந்தது. அனுபவப் பட்டியலில் அதை ஒரு வரியில் குறியுங்கள். குழந்தையை வளர்த்ததற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கடைசி வரியில் எந்தப் பொறுப்பை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதலாம். ஆனால் இப்போதைய நிறுவனத்துக்கு உங்கள் எண்ணம் தெரியாதென்றால், அந்த வரியை விட்டுவிடுங்கள். வேலை தேடுவதை ஆள் தேடுவோருக்கு மட்டும் காட்டும் அமைப்பு இருக்கிறது. அதிலும் உங்கள் நிறுவனத்தார் கண்ணில் படவே படாது என்று லிங்க்டுஇன் முழு உத்தரவாதம் தருவதில்லை, யோசித்துப் பயன்படுத்துங்கள்.