பறித்தவர் யார்?

அன்புள்ள அக்கா,

டாலஸ் பக்கம் பிளேனோவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கத்திய அமெரிக்கக் கால்பந்து அணியான கவ்பாய்ஸின் ஒரு ஆட்டத்தையும் தவறவிட மாட்டேன். என் மகன் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக், பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். முழங்காலில் அடிபட்டு இரண்டு மாதம் உட்கார்ந்தான். திரும்பிப் போனால் அவன் இடத்தில் அவனைவிடச் சின்னப் பையன். 2016-ல் கவ்பாய்ஸ் குவார்ட்டர்பேக் டோனி ரோமோவுக்கு நடந்த அதே அநியாயம். அடிபட்டுக் கிடந்தவரின் இடத்தைப் புதிதாக வந்த டாக் பிரெஸ்காட் பறித்துக்கொண்டார். அணி நன்றி மறந்தது. ரோமோ ஆடியிருந்தால் அந்த வருடம் கோப்பை நமக்குத்தான். மகனை என்ன சொல்லித் தேற்றுவது?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் அப்பாவுக்குத் திவசம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கோப்பைப் பேச்சை விடுங்கள். கிரீன் பே அணியிடம் 34–31 என்று தோற்று அந்த வருடம் வெளியேறிய ஆட்டத்தில் பிரெஸ்காட் 302 கெஜம் எறிந்தவர். நன்றி மறந்த அணி என்பதையும் விடுங்கள். என்னை உறுத்துவது ‘பறித்துக்கொண்டார்’ என்ற உங்கள் சொல்.

யார் பறித்தது? 2016 ஆகஸ்ட் 25, சியாட்டிலில் ஒரு பயிற்சி ஆட்டம். மூன்றாவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே ரோமோவின் முதுகெலும்பு நசுங்கியது. அடுத்த நிலையில் இருந்த கெல்லன் மூருக்கு அதற்கு முன்பே கால் உடைந்திருந்தது. மிச்சம் இருந்தவர் பிரெஸ்காட். அணிகள் ஆள் எடுக்கும்போது 134 பேருக்குப் பிறகு எடுக்கப்பட்டவர். முதல் ஆட்டம் ஒரு புள்ளியில் தோல்வி. பிறகு வரிசையாகப் பதினொரு வெற்றி. பந்தை வாங்கி ஒழுங்காக எறிந்தது குற்றமா?

ரோமோ எப்படி வந்தார் என்று உங்களுக்குத் தெரியாதா? 2003-ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஆள். 2006 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக, பாதி ஆட்டத்தில் அப்போதைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிளட்சோவை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்கினார்கள். எறிந்த முதல் பந்தே எதிராளி கையில். அன்று மூன்று முறை அப்படி. ஆனாலும் பிளட்சோ திரும்ப வரவில்லை. அந்த பிளட்சோ யார்? 2001-ல் நியூ இங்கிலாந்து அணியில் ஆடும்போது நெஞ்சுக்குள் ரத்தம் கசிய அடிபட்டுப் படுத்தவர். அந்த இடத்தில்தான் பிற்பாடு பெரிய பெயர் எடுத்த டாம் பிரேடி நின்றார். ரோமோ உங்களுக்குப் பறித்தவராகத் தெரியவில்லை, பிரெஸ்காட் மட்டும் தெரிகிறார். உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒரு தராசு, மற்றவருக்கு வேறு தராசா?

கிரிக்கெட்டாக இருந்தால் மூத்தவரை ஆறாவது, ஏழாவதாக இறக்கி இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் இடம் ஒன்றுதான். பந்து ஒருவர் கையில்தான் வரும்.

2016 நவம்பரில் நான் டாலஸில் மகள் வீட்டில் இருந்தேன். ரோமோ எழுதி வைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் வாசித்தார். உடம்பு தேறியிருந்தது. அணி ஒன்பதில் எட்டை வென்றிருந்தது. அந்த இடம் பிரெஸ்காட் உழைத்துச் சம்பாதித்தது என்றார். நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அணி தோற்றிருந்தால் இவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நம் ஆட்கள் தோற்கட்டும் என்று நினைக்கவும் முடியாது. ஜெயிக்க ஜெயிக்க நம் இடம் போகும். காயத்தின் வலி அதற்குப் பக்கத்தில் நிற்காது தம்பி.

என் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மொபெட்டில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. நாலு மாதம் கழித்துப் போனபோது, அவரே தொழில் சொல்லிக் கொடுத்த பையன் கட்டிங் டேபிளில் நின்றான். அப்பாவைச் செக்கிங்கில் போட்டார்கள். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் ஒரே பேச்சுத்தான்: “பையன் சுத்தமா வெட்டறான். வேஸ்டே விழுகறதில்ல.” அன்று அவர் சாப்பிடவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்கு அந்தப் பையன் ஸ்வீட் டப்பாவோடு வந்தபோது கதவைச் சாத்தினேன். உங்கள் சொல்லைத்தான் நானும் சொன்னேன், அவன் காதில் விழும்படியாக. அப்பா என்னை அதுவரை அடித்ததில்லை. அன்று அடித்தார். பிறகு அவரே கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டார்.

புதுத் துணி ஏதாவது வந்து சந்தேகம் என்றால் அவன் ராத்திரியில் எங்கள் வீட்டுக்கு வருவான். இரண்டு பேரும் திண்ணையில் துணியை விரித்து, இழுத்துப் பார்த்து, எவ்வளவு சுருங்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன். அப்படியே இரண்டு வருடம் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

கவ்பாய்ஸின் அந்த 2016 சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில், பிலடெல்பியாவில், ரோமோவைக் கொஞ்ச நேரம் இறக்கினார்கள். 81 கெஜம் அணியைக் கூட்டிக்கொண்டு போய் டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்குள் புள்ளி விழ, பந்தை எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை.

உங்கள் மகன் அந்தச் சின்னப் பையனோடு பேசுகிறானா? அதை நீங்கள் எழுதவில்லையே.

அன்புடன்,
அக்கா